திருச்சி: ஆறு, பகுதிகள், பருவநிலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றலாகி வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், மனை தேடுகிறவர்கள் என்று எல்லோரும் திருச்சியைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எங்கே தொடங்கினாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். இந்த ஊரில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

திருச்சி ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது?

ஊரின் பெரும்பகுதி காவிரியின் தென்கரையில் இருக்கிறது. வடக்கே போனால் முதலில் காவிரி, அடுத்து ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கும் தீவு, அதையும் தாண்டினால் கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் நம்பர் ஒன் டோல்கேட் என்று பெயர் பெற்ற இடம். அங்கிருந்து சமயபுரம், மண்ணச்சநல்லூர், லால்குடி எல்லாம் பக்கம்.

வரைபடத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, ஆனால் ஊர் இருக்கும் நிலம் தெற்கிலிருந்து வடக்கே, ஆற்றை நோக்கிச் சரிகிறது. மணிகண்டம், விராலிமலைப் பக்கம் மேடு. ஆற்றங்கரை பள்ளம். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிவிடும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் அப்படியே இரண்டாகப் பிரிகிறது. கரூர் சாலையில் முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாகப் போனால் இரு பக்கமும் வாழைத் தோட்டமும் வயலும். புதுக்கோட்டைச் சாலையில் அதே தூரம் போனால் செம்மண், முள்காடு, பனை, இடையிடையே பாறை. ஒரே ஊர்தான், அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு நாடு.

காவிரியும் கொள்ளிடமும் ஒரே ஆறுதானா?

ஒரே ஆற்றின் இரண்டு கிளைகள். நகரத்துக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு இருக்கிறது. மேலணை என்று சொல்வது அதைத்தான். அங்கேதான் அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிறது: வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி.

இரண்டுக்கும் வேலை வேறு. காவிரி பாசனத்துக்கு. கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோகிற வடிகால். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அப்படியே விட்டால் காவிரியில் மண் மேடிட்டு, டெல்டாவுக்குத் தண்ணீர் குறைந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் முற்றியது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியது இதற்காகத்தான்.

கிழக்கே கல்லணையில் இரண்டு கிளைகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. கரிகால் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழமையான அணை அது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். மிச்சமானது கொள்ளிடத்துக்குப் போகிறது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 உடைந்து போயின. அதே மாதத்தில், 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் விழுந்தது. நல்லவேளையாக அதில் அப்போது போக்குவரத்து இல்லை, பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது. மேலணைக்குப் பதிலாகவும் புதிய கதவணை கட்டிவிட்டார்கள்.

ஸ்ரீரங்கம் உண்மையிலேயே தீவா?

ஆமாம். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தீவு. அகலம் மட்டும் குறைவு. பாலத்தைத் தாண்டிப் போகிறவருக்கு அது ஒரு பேட்டை போலத்தான் தெரியும், அடுத்த பாலம் வரும்போதுதான் தீவு என்று உறைக்கும்.

ஆற்றில் எப்போது தண்ணீர் ஓடும்?

இதற்கு மழையைப் பார்த்துப் பயனில்லை, மேட்டூரைப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் சுமார் 177 கிலோமீட்டர் பயணம் செய்து மூன்று நாள் வாக்கில் முக்கொம்பு வந்து சேரும். ஆனால் அணையில் இருப்பு இருந்தால்தான் அந்தத் தேதி. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேட்டூருக்குக் கீழேயும் பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் கலக்கின்றன. அதனால் மேட்டூரில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போதுகூட, அந்தப் பக்கம் நல்ல மழை பெய்தால் இங்கே ஆறு பெருகும்.

பிப்ரவரியிலிருந்து மே வரை பெரும்பாலும் மணல்தான். ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் நெளிந்துகொண்டிருக்கும். முதல்முறை கோடையில் வருகிறவர்கள் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு வாருங்கள். அம்மா மண்டபத்தில் படித்துறை முழுக்கக் கூட்டம், புது மஞ்சள் கயிறு, காப்பரிசி, விளக்கு. தண்ணீர் வராத ஆண்டுகளில் குழாய் வைத்து நீராட ஏற்பாடு செய்ததும் உண்டு. அந்த ஆண்டுகளில் ஊரே வாடிப்போயிருக்கும்.

கோடையில் ஆறு வறண்டால் குடிக்கத் தண்ணீர்?

மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் இருக்கிறது. திருச்சியின் குடிநீர் பெரும்பாலும் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கியிருக்கும் பெரிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. கலெக்டர் வெல் என்பார்கள். கம்பரசம்பேட்டையில் பாலம் போட்டு ஆற்றுக்குள் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மணலே வடிகட்டி, மணலே தொட்டி. ராமநாதபுரம் வரைக்கும்கூட இங்கிருந்து கூட்டுக் குடிநீர் போகிறது.

அதனால்தான் மணல் அள்ளுவதைப் பற்றி இந்த ஊரில் இவ்வளவு கோபம். மணலை எடுத்தால் குழியில் தண்ணீர் நிற்கும்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆவியாகிப் போகும். மணலுக்குள் பதுங்கியிருக்கும் தண்ணீர்தான் மே மாதத்தில் வீட்டுக் குழாயில் வரும். படுகை தாழ்ந்தால் பாலத் தூண்களின் அடியும் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும்.

சமவெளியில் மலைக்கோட்டை மட்டும் எப்படித் தனியாக நிற்கிறது?

சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து கரைந்துபோக, கடினமான பாறை மட்டும் எஞ்சி நிற்கிறது. உயரம் 83 மீட்டர். தனியாகவும் இல்லை: பொன்மலை, உய்யக்கொண்டான் திருமலை, திருவெறும்பூர்க் குன்று எல்லாம் இதே வகைதான். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரு கோயில் இருக்கும்.

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள். நடுவில் தாயுமானவர் சந்நிதி. பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவனே தாயாக வந்தார் என்பது தல வரலாறு. கடவுளின் பெயரிலேயே ஒரு வெள்ளம் பதிவாகியிருக்கும் ஊர் இது. மேலே ஏறினால் ஆறு, தீவு, கோபுரங்கள், பாலங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாதி அங்கே நின்றே புரிந்துகொள்ளலாம். மாலையில் ஏறுங்கள்.

எந்தப் பகுதி எப்படி?

மலைக்கோட்டையைச் சுற்றியிருப்பது பழைய நகரம். தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி. நகை, ஜவுளி, பாத்திரம் எல்லாம் இங்கேதான். கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது, மெயின்கார்டு கேட் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் தூய வளனார் கல்லூரி, லூர்து அன்னை ஆலயம். கொஞ்சம் தள்ளி காந்தி மார்க்கெட், பாலக்கரை. தெருக்கள் குறுகல், தீபாவளி நேரத்தில் நடக்கவும் இடம் இருக்காது. ஆனால் ஊரின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மேற்கே உறையூர். முற்காலச் சோழரின் தலைநகரம், பருத்தி ஆடைக்குக் கடல் கடந்து பெயர் பெற்ற ஊர். பின்னாளில் சுருட்டுக்கு. வெக்காளியம்மன் கோயிலில் கருவறைக்குக் கூரை கிடையாது. மண்மழை பெய்து உறையூர் அழிந்த கதையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். வெயிலும் மழையும் அம்மன் மேலேயே விழும்.

உறையூருக்கும் மலைக்கோட்டைக்கும் தெற்கே தில்லைநகர். நேர் நேராக வெட்டிய கிராஸ் தெருக்கள், மருத்துவமனைகள், துணிக்கடைகள், உணவகங்கள். வாடகை அதிகம். புத்தூர், வயலூர் ரோடு, சீனிவாச நகர் எல்லாம் இதன் நீட்சி. படிக்கும் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் நிறைய.

கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் படை இருந்த இடம். அகலச் சாலை, பழைய மரங்கள், கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, ரயில்வே ஜங்ஷன். மே மாதத்தில் ஊரில் நிழலில் நடக்க முடிகிற சில இடங்களில் ஒன்று.

கிழக்கே பொன்மலை. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே மாறியது, அதோடு ஒரு குடியிருப்பே எழுந்தது. இன்றும் தனி ஊர் மாதிரிதான் இருக்கிறது. இன்னும் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூர், பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) டவுன்ஷிப், துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி, என்.ஐ.டி. 1960-களில் வந்த இந்த நிறுவனங்கள்தான் திருச்சியைத் தொழில் நகரமாக்கின. வெல்டிங் தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் இருப்பதற்குக் காரணமும் அதுவே.

தெற்கே கே.கே. நகர், சுப்பிரமணியபுரம், விமான நிலையம். நில அமைப்பைப் பார்த்தால் இது வறண்ட மேட்டுப்பகுதி. பல இடங்களில் போர் ஆழமாகப் போட வேண்டியிருக்கும்.

தீவில் ஸ்ரீரங்கம். கோயிலின் ஏழு சுற்று மதிலுக்குள்ளேயே வீதிகளும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. 236 அடி ராஜகோபுரம் 1987-ல்தான் முடிந்தது. பெரியவர்கள் ஓய்வுபெற்றுக் குடியேற விரும்பும் இடம். அதனால் வாழைத்தோப்புகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன, எனக்கு இதில் வருத்தம் உண்டு. திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையிலேயே ஊற்று. ஆற்று மட்டம் உயர்ந்தால் தீவின் நிலத்தடி நீரும் உயரும், அது அங்கே கண்கூடு.

"சத்திரத்தில் இறங்கு" என்றால் எங்கே?

சத்திரம் பேருந்து நிலையம், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில். ஜங்ஷனும் மத்தியப் பேருந்து நிலையமும் அருகருகே கண்டோன்மென்டில். 2025-ல் தெற்கே பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்துவிட்டார்கள். வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர்கள் எங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஊருக்கு நடுவில் ஓடும் வாய்க்கால் சாக்கடையா?

இல்லை. அதன் பெயர் உய்யக்கொண்டான், சோழர் காலத்துப் பாசனக் கால்வாய். மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, நகரத்துக்கு நடுவே நெளிந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. வழியில் கழிவுநீரை விட்டு நாம்தான் அதைச் சாக்கடையாக்கினோம். இன்றும் அதை நம்பி நெல்லும் வாழையும் இருக்கின்றன. இந்தக் கேள்வியை யாராவது கேட்கும்போதெல்லாம் வலிக்கிறது.

காவிரியில் வெள்ளம் வந்தால் ஊர் மூழ்குமா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான பக்கம் பார்க்கிறார்கள். காவிரி வெள்ளத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று செய்தி வரும், தண்ணீர் வந்து சேர நாள் ஆகும், வந்த பிறகும் பெரும்பங்கைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடலாம். கரையோரத் தாழ்வான தெருக்களுக்குத் தொல்லைதான், ஆனால் முன்னறிவிப்பு கிடைக்கும்.

திருச்சிக்கு ஆபத்து தெற்கிலிருந்து வருகிறது. விராலிமலைப் பக்கத்து வறண்ட மேட்டிலிருந்து கோரையாறு வடக்கே இறங்கி வருகிறது. ஆண்டில் பெரும்பகுதி அது முள்ளும் கோரையும் மண்டிய பள்ளம். அதை ஆறு என்றே பலர் நம்புவதில்லை. புத்தூர்ப் பக்கம் உய்யக்கொண்டானைச் சந்தித்து, அதற்குப் பிறகு குடமுருட்டி என்ற பெயரில் காவிரியில் போய்ச் சேர்கிறது. அரியாறும் இதே குடும்பம். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே ஓரிரவு கொட்டினால், ஏரிகள் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலிங்கி வழிந்து, அத்தனையும் இந்தக் குறுகிய வழியில் நகரத்துக்குள் இறங்கும். அணை இல்லை, திறந்துவிட ஆளும் இல்லை. சில மணி நேரந்தான் கிடைக்கும்.

அதே சமயம் காவிரியும் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். குடமுருட்டி போய்க் கலக்க இடமில்லாமல் பின்வாங்கும். 2005 நவம்பரில் கருமண்டபம், எடமலைப்பட்டிப் புதூர், உறையூர்ப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் நின்றதற்குக் காரணம் இந்தச் சிற்றாறுகள்தான். 1977 நவம்பரில் புயலோடு வந்த வெள்ளத்தை வயதானவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார்கள்.

அப்படியானால் வீடு, மனை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான், பழைய ஏரி வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2005-ல் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். சுவரில் கையை வைத்தே அளவு காட்டுவார். கிராம வரைபடத்தில் மனைக்கு அருகே வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய் நிற்காமல் மனை வாங்கவே கூடாது என்பேன்.

வெயில் உண்மையிலேயே அவ்வளவு கடுமையா?

கடுமைதான். மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், 40-ஐத் தாண்டும் நாட்களும் வரும். கத்திரி முடிந்தாலும் உடனே தணியாது. காலை பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொள்வதுதான் ஊர்வழக்கம்.

இரண்டு ஆறு இருந்தும் ஏன் இப்படிச் சுடுகிறது?

ஆறு குளிர்ச்சி தரவேண்டிய மாதங்களில்தான் அதில் தண்ணீர் இல்லை. அகலமான வெறும் மணல் வெயிலை வாங்கிக் கொதிக்கிறது. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அதனால் சென்னைக்குக் கிடைக்கிற பிற்பகல் கடற்காற்று இங்கே இல்லை. பாறையும் கட்டடமும் பகலில் குடித்த சூட்டை இரவில் விடுகின்றன. தீவிலும் கரையோரத் தோப்புகளிலும் மரநிழல் இருப்பதால் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் அங்கே புழுக்கம் கூடுதல்.

ஆடியில் காற்று ஏன் அப்படி அடிக்கிறது?

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கோவை, கரூர் கடந்து நேராக இங்கே வருகிறது. மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு வருவதால் உலர்காற்று. புழுதியைக் கிளப்பும், காவிரிப் பாலத்தில் இருசக்கர வாகனத்தைத் தள்ளும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் ஒரே நாளில் சாய்த்துவிடும். வெயிலைக் கொஞ்சம் தாங்கவைப்பதும் இந்தக் காற்றுதான்.

மழை எப்போது, எவ்வளவு?

ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியுடன் வரும் மழையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம், பகலெல்லாம் புழுங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் தெருவை நிரப்பிவிடும். கடற்கரை மாவட்டங்கள் மாதிரி நாள்கணக்கில் விடாமல் பெய்வது அபூர்வம்.

ஊரைப் பார்க்க எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. இரவில் 20 டிகிரி பக்கம் இறங்கும், மார்கழிக் காலையில் ஆற்றின் மேல் பனி நிற்கும், வைகுண்ட ஏகாதசியும் அப்போதுதான். ஆறு நிறைந்து ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ஆகஸ்ட் என்றே சொல்வேன், வெயிலோடு சேர்த்து.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

அம்மா மண்டபம் போல படித்துறை இருக்கிற இடங்களில், ஊர்க்காரர்கள் குளிக்கிற எல்லைக்குள் மட்டும். முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே இறங்கவே வேண்டாம். திறக்கும்போது தண்ணீர் திடீரென்று ஏறும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மூழ்கிவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.